கல்சங்கிலியும் பக்தியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு (துளையிட்ட அட்டை வைத்து உருவம் நெய்யும் கருவி) டிசைன் போடுவது என் தொழில். அப்பா தறி ஓட்டியவர். நான் கணினியில் வரைந்து அட்டை குத்தக் கொடுக்கிறேன். போன மாதம் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருந்தோம். ஒரே கல்லில் செதுக்கிய கல்சங்கிலியையும் யாளி வாயில் உருளும் கல் உருண்டையையும் காட்டிய பெரியவர், "இதெல்லாம் மனுசன் செஞ்சதில்ல தம்பி, அவன் கையச் சாமி புடிச்சிச் செஞ்சது" என்றார். கூட வந்த நண்பன், "கோயிலக் கட்டுன கெட்டி முதலிங்க கூலி குடுத்தாங்க, வேலை தெரிஞ்சவன் செஞ்சான். இதுல சாமி எங்க வந்துச்சு?" என்றான். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. புதிதாக ஒன்றும் தோன்றாமல் போனதும் அதே சமயத்தில்தான். பழைய அன்னத்தையும் மாங்காயையும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கற்பனை நம்பிக்கையிலிருந்துதான் வருகிறதா? நம்பாதவன் ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைப்பது பொய்யில்லையா?

(பெயர் வேண்டாம்)
அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

கல்சங்கிலியிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் செய்யும் வழி தெரிந்தால் அந்தப் பெரியவர் சொன்னதையும் உங்கள் நண்பர் சொன்னதையும் எடைபோடுவது எளிது.

முதல் வேலை கல்லைத் தட்டிப் பார்ப்பது. மணி போல ஓசை நின்று ஒலித்தால் எடுக்கலாம். அமுங்கிய ஓசை வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது, அதிர்வு அங்கே தேய்ந்துபோகிறது என்று பொருள். சிற்ப நூல்கள் இந்த ஓசையை வைத்தே ஆண்கல், பெண்கல் என்று பிரித்து, எந்தத் திருமேனிக்கு எது என்றும் விதித்தன. தேர்ந்த கல்லை நீளமான சதுரக் கம்பமாக அடித்து, நெடுக நான்கு மூலைகளையும் எடுத்துவிட்டால் வெட்டுமுகம் கூட்டல் குறி மாதிரி நிற்கும். ஒன்றையொன்று ஊடறுக்கும் இரண்டு பலகைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் வளையங்கள் ஒரு பலகையில். இரண்டாம், நான்காம், ஆறாம் வளையங்கள் மற்றதில். காவியால் குறித்துக்கொண்டு வளையங்களுக்கு வெளியே உள்ள கல்லை முதலில் எடுப்பார்கள், பிறகுதான் உள்துளை. ஒரு துளைக்குள் மேல் வளையத்தின் முனையும் கீழ் வளையத்தின் முனையும் இருக்க வேண்டும். அதனால் துளையின் நீளம் வளையக் கனத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இல்லாவிட்டால் சங்கிலி ஆடாது.

வளையத்தை வளையத்தோடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய இணைப்புகளைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே விடுவித்தால் வளையம் ஆடும், அடுத்த அடியில் வளைவில் ஒடியும். ஒரு வளையம் ஒடிந்தால் மொத்தக் கல்லும் போச்சு. கருங்கல்லில் இன்னொரு சிக்கல், பலமாக அடித்தால் அடி விழுந்த இடத்துக்குக் கீழேயும் மணிகள் நசுங்கி வெள்ளைப் புள்ளியாக நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் கடைசி விரற்கடைக் கல்லை மெல்லிய அடியால்தான் எடுக்க வேண்டும். உளியின் முனை ஒரே நாளில் பலமுறை மழுங்கும். உலையில் காய்ச்சித் தட்டி, நிறம் பார்த்துத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். விறைப்பு கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். யாளி வாய் உருண்டையும் இதே கதைதான். வெளியிலிருந்து உள்ளே போட்டதில்லை. வாய்க்குள்ளேயே, பின்பக்கம் ஒரு காம்பு ஒட்டிக்கொண்டிருக்க, பல்லிடுக்கு வழியாக உளிவிட்டு உருட்டி எடுத்து, காம்பைக் கடைசியில் தட்டிவிட்டது.

இந்த வேலையில் சாமி வந்து கையைப் பிடிக்க வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. அதுவரை உங்கள் நண்பர் சொல்வது சரி. என் கணிப்பில் கல்சங்கிலி அந்தக் கோயிலின் பெரிய கற்பனையும் அல்ல. அது கைவேலையின் உச்சம், அவ்வளவுதான். கற்பனையைப் பார்க்க வேண்டுமானால் அதே கோயிலில் வாலி வதத்தைப் பாருங்கள்.

ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். வேறொரு தூணில் ராமன் வில்லோடு நிற்கிறான். ராமன் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால் ராமன் தெரியமாட்டான், நடுவில் உள்ள தூண் மறைத்துவிடும். இந்த இரண்டு சிற்பங்களையும் தனித்தனியே எடுத்தால் நல்ல சிற்பங்கள், அதற்கு மேல் இல்லை. கற்பனை இருப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில். தூண்கள் எங்கே நிற்கும், எந்த முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் செதுக்குவதற்கு முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். தூணை நிறுத்தும்போது சற்றே திரும்பிவிட்டால் பார்வைக்கோடு கெட்டுவிடும், பிறகு திருத்த முடியாது.

வாலியின் உயரத்துக்குத் தாளம் என்னும் சிற்ப நூல் அளவுக் கணக்கு உண்டு. ராமனை எந்தத் தூணுக்குப் பின்னால் மறைப்பது என்பதற்குக் கணக்கு கிடையாது. அந்தக் கேள்வி ஒருவனுக்கு எப்போது வரும்? மறைந்து நின்று கொன்றது நியாயமா என்று காலங்காலமாக வழக்காடும் கதை அது. அந்தக் கதையை நடந்ததாகவே எடுத்துக்கொண்டவனுக்குத்தான் ராமன் எங்கே நின்றான், வாலிக்குத் தெரிந்ததா, தெரியாமல் எப்படி இருந்தது என்றெல்லாம் கேள்விகள் வரும். வழக்குக்குத் தீர்ப்பு எழுதாமல், நம்மை வாலியின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான் அந்தச் சிற்பி. நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: பக்தி அவனுக்கு உளியைப் பிடிக்கக் கற்றுத்தரவில்லை. தான் செய்யும் பொருளை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதனிடம் கடைசி நுணுக்கம்வரை கேள்வி கேட்க வைத்தது. கற்பனை அந்தக் கேள்வியில் பிறக்கிறது.

நம்பிக்கை விதியையும் தருகிறது, அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நவதாளம் என்றால் உருவத்தின் உயரம் 108 அங்குலம். இது நம் ஸ்கேல் அங்குலம் அல்ல, அந்த உருவத்தையே பிரித்து எடுத்த பங்கு. முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து அடிவயிறு மூன்றும் தலா 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். சுவாமிமலையில் திருமேனி வார்ப்பவர்கள் தென்னை ஓலை நறுக்கை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்தே இந்தப் பங்குகளை எடுக்கிறார்கள். ஆயுதம், கை எண்ணிக்கை, நிற்கும் நிலை எல்லாம் அந்தத் தெய்வத்தின் உருவத்தை வர்ணிக்கும் தியான சுலோகம் சொல்லிவிடும். இத்தனையும் முடிவாகிவிட்டதால் சிற்பியின் மனம் முழுக்க மிச்சமிருக்கும் இடத்துக்குப் போகிறது: உதட்டு ஓரம், இடுப்பு ஒசிவு, விரல் நுனி. எல்லாவற்றையும் தானே தீர்மானிக்க வேண்டியவன் பாதி வழியிலேயே களைத்துவிடுவான்.

ஊர்வலத் திருமேனிகளின் முதுகையும் பாருங்கள். பட்டும் மாலையும் சாத்தியபின் யார் கண்ணிலும் படாத இடம் அது. அங்கேயும் முன்பக்கத்துக்குக் குறையாத வேலை இருக்கும். வாங்குகிறவன் கண்ணுக்கு மட்டும் வேலை செய்கிறவன் முதுகை இப்படி முடிக்கமாட்டான்.

கல்லுக்கும் பங்கு உண்டு. அதே சிவன், அதே ராமாயணம் கர்நாடகத்து ஹளேபீட்டில் நகை வேலை மாதிரி இழை இழையாக இருக்கிறது, இங்கே திரண்ட உருவமாக இருக்கிறது. பக்தி அங்கே கூடுதல் என்றா சொல்வது? அங்கே கோயில் கட்டிய ஹொய்சாள மன்னர்களுக்குக் கிடைத்தது வெட்டியெடுத்த புதிதில் மிருதுவாக இருக்கும் மாக்கல். நம் பக்கம் கருங்கல். சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்ற கடும்பாறை. அதில் மயிரிழை நுணுக்கத்துக்குப் போனால் உதிரும். நம்பிக்கையும் பொருள் விட்ட வழியில்தான் போக முடியும்.

இனி, நம்பிக்கை இல்லாதவர்களைப் பற்றி. காஞ்சியில் வாழ்ந்து வடமொழியில் கவிதை இலக்கணம் எழுதிய தண்டி, கவிதை பிறக்க மூன்று வேண்டும் என்றார்: பிறவியிலேயே வரும் ஆற்றல், தெளிந்த பரந்த கல்வி, சோராத முயற்சி. அடுத்த பாட்டிலேயே, அந்தப் பிறவி ஆற்றல் இல்லாவிட்டாலும் கல்வியாலும் முயற்சியாலும் வாக்தேவியை வழிபட்டால் அவள் ஏதோ ஓர் அருளைச் செய்தே தீருவாள் என்றும் சொன்னார். பிறவி ஆற்றலுக்கே விலக்கு கொடுத்தவர் உழைப்புக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ராமானுஜன் தன் கணிதத்தை நாமக்கல் நாமகிரித் தாயார் அருள் என்றார். 1997 வரை உங்கள் மாவட்டத்தில் இருந்த ஊர்தான் நாமக்கல். அவர் சொன்னதை நான் முழுசாக ஏற்கிறேன், அவருக்கு எண்கள் அவ்வளவு உண்மையாக இருந்தன. ஆனால் தாயார் வருவதற்கு முன்னால் அவர் கார் என்பவரின் கணிதத் தொகுப்பை, ஆயிரக்கணக்கான தேற்றங்களை, சிலேட்டில் போட்டுப் போட்டு அழித்திருந்தார். இன்னொன்றும் உண்டு. 1913 ஜனவரியில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியதில் பகா எண்களைப் பற்றிச் சொன்னவை தவறாகப் போயின. மற்றவை வியக்கவைத்தன. பக்தி இரண்டுக்கும் ஒன்றுதான். வந்தது சரியா என்று பார்க்கும் வேலையை எந்தத் தெய்வமும் எடுத்துக்கொள்வதில்லை.

கடவுளை மறுத்தவர்களுக்கும் உங்கள் ஊரே சாட்சி. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. அந்த இயக்கத்தாரின் நாடகமும் மேடைப்பேச்சும் தமிழ் வசனத்தையே மாற்றிப்போட்டன. எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களும் அந்த ஜனங்கள் பட்ட அவமானமும் இயக்கத்தாருக்கு உண்மையாக இருந்தன. அங்கே ஊற்று அது.

அதனால் உங்களுக்கு வற்றியது கற்பனை என்று நான் நினைக்கவில்லை. அன்னத்திடம் நீங்கள் கேள்வி கேட்பது நின்றுபோயிருக்கிறது. அது எங்கே பார்க்கிறது? வாயில் தாமரைத் தண்டா, ஒன்றுமில்லையா? அடுத்த அன்னத்தைப் பார்க்கிறதா, திரும்பிக்கொண்டிருக்கிறதா? கரை முழுக்க ஒரே திசையில் போகும் அன்னங்களில் ஒன்று மட்டும் ஏன் நிற்கிறது? கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும் வரை இந்தக் கேள்வி வராது. ஏரியில் ஒரு நாரையையாவது உட்கார்ந்து பார்த்து, பென்சிலில் கழுத்தை மட்டும் பத்து விதமாக வரையுங்கள்.

பிறகு விதியைக் கட்டிக்கொள்ளுங்கள். பாவு இழையைத் தூக்கும் கொக்கி 240, ஒரே ஜரிகை, ஒரே உருவம். அங்குலத்துக்குப் பாவு (நெடுக்கு இழை) 100, ஊடை (குறுக்கு இழை) 80 என்றால் சம கட்டத்தாளில் வட்டமாக வரைந்தது தறியில் கால் பங்கு நீண்டு முட்டையாகும். வட்டம் வட்டமாகவே வர 240 கட்ட அகலத்துக்கு 192 வரிதான் உயரம், வரிக்கு ஒன்றாக அட்டையும் 192. ஜரிகை பத்துப் பன்னிரண்டு இழைக்கு மேல் கட்டில்லாமல் ஓடினால் மோதிரத்தில் மாட்டும், அதனால் இறக்கையின் உள்ளே நரம்புக்கோடு கொடுத்தே ஆக வேண்டும். அந்த நரம்பை அலங்காரம் ஆக்குவதா, இறகாகவே ஆக்குவதா என்பது உங்கள் கையில் விட்ட இடம். கண்ணுக்கு ஒரே கட்டம் விட்டால் ஜரிகை பரவி மூடிவிடும், இரண்டுக்கு இரண்டாவது விடுங்கள். அதையும் கடைசியில் போடுங்கள். கோயில் சிலைக்கும் கண் திறப்பதைச் சிற்பியின் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கிறார்கள். தங்க ஊசியால் ஸ்தபதி திறந்தபின் கண்ணாடி, கன்றோடு பசு, தானியம் என்று மங்கலப் பொருள்களைக் காட்டுவார்கள். பார்வை எங்கே விழுகிறது என்பதில் அத்தனை அக்கறை.

வரைந்து முட்டிக்கொண்டால் ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். முட்டுவதற்கு முன்பே விட்டால் பயன் இல்லை, மனசுக்கு அசைபோட ஒன்றும் இருக்காது.

பொட்டு விஷயம். உங்களுக்கு அது பொய் என்று பட்டால் வைக்க வேண்டாம். வீட்டார் வைத்தால் தடுக்கவும் வேண்டாம், அது அவர்களுக்குப் பொய்யல்ல. ஆனால் தறியை நிறுத்தி, துடைத்து, கருவியைக் கருவியாகப் பார்க்கும் நாள் வருடத்தில் அது ஒன்றுதான், அதை விட்டுவிடாதீர்கள். ஜக்கார்டு பெட்டியைத் திறந்து கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இழை தூக்காமல் சேலை நெடுக ஒரு கோடு விழும். அட்டை கோத்த கயிறு தளர்ந்திருந்தால் அட்டை சரியாக உட்காராமல் ஊசி துளையில் இறங்காது, உருவம் வரும்போதெல்லாம் அதே வரி பிசகும். அன்றைக்கே மாற்றிக் கட்டிவிடுங்கள். புது அன்னத்தின் அட்டைகளை அதன் பிறகு ஏற்றலாம்.

அன்புடன்.