கேள்வி – பதில்: ரோமர் வீட்டு வாசல்

கேள்வி: இத்தாலியில் வேலை செய்யும் என் தம்பி பொம்பெயிக்குப் போய்ப் படங்கள் அனுப்பியிருந்தான். ஒரு பணக்கார வீட்டின் வாசலிலேயே, அளவுக்கு மிஞ்சிய ஆணுறுப்போடு ஒரு தெய்வத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை குட்டிகள் இருந்த வீட்டில் இப்படியுமா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தம்பி பார்த்தது வெத்தியர் வீடு. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஊரோடு சேர்ந்து புதைந்த வீடு அது. அந்தத் தெய்வத்தின் பெயர் பிரியாப்பஸ், தோட்டத்துக்கும் விளைச்சலுக்கும் காவல். படத்தை இன்னொரு தடவை பாருங்கள்: தன் உறுப்பைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் காசுப் பையை வைத்து நிறுக்கிறார், காலடியில் கூடை நிறையப் பழம். அந்த வீட்டுக்காரர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றுப் பணக்காரரானவர்கள் என்பதுதான் ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படி உயர்ந்தவர்கள் மேல் ஊர்க்கண் எப்படி விழும் என்று சொல்லவா வேண்டும்? பொறாமைக் கண்ணை ஆணுறுப்பு திருப்பிவிடும் என்று ரோமர்கள் நம்பினார்கள். அதனால் சின்னப் பிள்ளைகளின் கழுத்தில் அந்த வடிவில் தாயத்துக் கட்டினார்கள், வெண்கல மணிகளோடு சேர்த்துத் தொங்கவிட்டார்கள், தெருச் சுவரிலும் செதுக்கினார்கள். வென்று வரும் தளபதியின் தேருக்குக் கீழேகூட அது தொங்கியது என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். நாங்கள் புது வீடு கட்டும்போது கண்ணூறு படாமல் வைக்கோல் பொம்மை கட்டுகிறோமே, அந்த எண்ணந்தான்.

ஆனால் எல்லாப் படங்களையும் இந்தக் கணக்கில் போட்டுவிட முடியாது. அதே ஊரின் புறநகர்க் குளியல் மண்டபத்தில், உடை மாற்றும் அறையில், துணி வைக்கும் பெட்டிகளின் எண்களுக்கு மேலே விதவிதமான புணர்ச்சிக் காட்சிகள் உண்டு. குளிக்க வந்தவர்களைச் சிரிக்க வைக்கத்தான் அவற்றை வரைந்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

கேள்வி: நேப்பிள்ஸ் நூதனசாலையில் இப்படியான பொருட்களைப் பூட்டி வைத்திருந்தார்களாமே?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: உண்மைதான். 1819இல் இளவரசர் பிரான்சிஸ் மனைவியோடும் மகளோடும் பார்க்கப் போனார், பார்த்ததும் அவற்றைத் தனி அறையில் பூட்டச் சொல்லிவிட்டார். நல்லொழுக்கமுள்ள, வயது முதிர்ந்த ஆண்களுக்கு மட்டும் அனுமதி. 1849இல் வாசலையே கல் வைத்து அடைத்தார்கள். அப்புறம் திறப்பதும் மூடுவதுமாக இழுபட்டு, 2000ஆம் ஆண்டில்தான் எல்லோரும் போய்ப் பார்க்க முடிந்தது.

கேள்வி: அப்படியென்றால் பாலுறவு விஷயத்தில் ரோமர்கள் எங்களைவிடச் சுதந்திரமானவர்கள்தானே? யூடியூப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
– வாசகர், நிலாவெளி

பதில்: இல்லை. சுதந்திரம் இருந்தது, ஆனால் யாருக்கு என்று கேளுங்கள். அடிமையாகப் பிறக்காத, குடியுரிமை உள்ள ஆணுக்கு. அவன் தன் வீட்டு அடிமையோடு, பெண்ணானாலும் பையனானாலும், என்ன செய்தாலும் சட்டம் கேட்காது, அந்த அடிமையின் விருப்பத்தை எவரும் விசாரிக்கப் போவதில்லை. மேலே சொன்ன வெத்தியர் வீட்டு வாசல் சுவரிலேயே ஒரு கிறுக்கல் இருக்கிறது: யூட்டிகிஸ், கிரேக்கப் பெண், இனிய குணம், விலை 2 ஆஸ் (ஆஸ் என்பது ரோமரின் சில்லறைக் காசு). அதே ஊர் மதுக்கடை ஒன்றின் சுவரில் 1 ஆஸுக்குக் குடிக்கலாம், 2 ஆஸ் தந்தால் இன்னும் நல்ல வைன் என்று எழுதியிருக்கிறது. ஒரு கோப்பை வைனின் விலைதான் அவளுக்கும். அந்த ஓவியங்களைப் பார்த்து ரசிக்கிறவர்கள் இந்தக் கிறுக்கலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காட்சிகளில் சிரித்துக்கொண்டு கிடக்கிற பெண்களைப் போன்றவர்கள் விலைமகளிர் விடுதிகளில் எப்படி வாழ்ந்தார்கள் என்றால், சின்னஞ்சிறு அறை, கல்லால் கட்டிய கட்டில்.

குடும்பப் பெண்ணின் கதை வேறு. கி.மு. 18 அளவில் பேரரசர் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டப்படி, மணமான பெண் வேறொருவனோடு சேர்ந்தால் அது அரசுக் குற்றம், அவள் சீதனத்தில் பாதியை இழந்து தீவுக்குப் போக வேண்டும். கணவன் விலைமகளிடம் போனால் குற்றமே இல்லை. அகஸ்டஸ் பிறர் மனைவியரோடு தொடர்பு வைத்திருந்ததை அவருடைய நண்பர்களே மறுக்கவில்லை என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் எழுதுகிறார். அதே அகஸ்டஸ்தான் கி.மு. 2இல் சொந்த மகள் யூலியாவைத் தகாத உறவுக் குற்றச்சாட்டில் பந்தத்தேரியா தீவுக்கு அனுப்பினார், அங்கே அவள் வைன் குடிக்கவும் தடை, தன் அனுமதியில்லாமல் எந்த ஆணும் அவளை நெருங்கவும் தடை.