முழங்கால் ஆழத்து ஏரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கோடை விடுமுறை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1980-களில் புடாபெஸ்டில் படித்த காலத்தில் ஹங்கேரியின் பாலட்டோன் ஏரிக்கரையில் நான் கழித்த கோடைகளை ஒரே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்மாதப் பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டன.

கோபிசெட்டிபாளையம் வாசகி ஒருவர்: சித்திரை, வைகாசியில் கொடிவேரிக்குப் போய் வருவதைத் தவிர எங்களுக்குத் தண்ணீரோடு கூடிய விடுமுறை வேறு தெரியாது. நீங்கள் சொன்ன ஏரி எப்படிப்பட்டது? நம் பவானிசாகரைப் போல இருக்குமா?

பவானிசாகரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாந்து போவீர்கள், அம்மா. நம்முடையது 1955-இல் கட்டி முடித்த அணை; நிரம்பினால் 105 அடி. பாலட்டோன் இயற்கையான ஏரி. அதன் நீளம் 77 கிலோமீட்டர்; கோவையில் கிளம்பி உடுமலைப்பேட்டையை எட்டும் வரை சாலையோரம் முழுக்கத் தண்ணீரே இருந்தால் எப்படியோ அப்படி. பரப்பு ஏறத்தாழ 590 சதுர கிலோமீட்டர். கடற்கரையே இல்லாத நாடு என்பதால் ஹங்கேரியர்கள் இதைத்தான் தங்கள் கடல் என்கிறார்கள். இத்தனை பெரிய ஏரியின் சராசரி ஆழமோ பத்து அடியை ஒட்டித்தான் வரும். திஹானி என்ற தீபகற்பத்தின் அருகே உள்ள மிக ஆழமான இடத்திலும் நாற்பது அடியை ஒட்டித்தான்.

வடகரையில் மலைகளும் திராட்சைத் தோட்டங்களும் உண்டு. அங்கே தண்ணீர் சீக்கிரம் ஆழமாகிவிடும். தென்கரை மணற்பாங்கானது. முதல் முறை அங்கே இறங்கியபோது, கொடிவேரியில் பழகிய பயத்தோடு ஒவ்வோர் அடியையும் சோதித்து வைத்தேன். ஐம்பது அடி போனேன், கணுக்கால். நூறு அடி போனேன், முழங்கால். கரையில் விரித்த துண்டுகள் கண்ணுக்குப் பொட்டுப் பொட்டாகத் தெரிகிற தொலைவுக்குப் போன பிறகும் இடுப்பு நனையவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி வளர்த்த பழமொழிக்கு அந்தக் கரையில் வேலையே இல்லை. அதனால்தான் அது குழந்தைகளின் ஏரியாயிற்று. மூன்று வயதுப் பிள்ளை தனியாகத் தண்ணீரில் உட்கார்ந்து மண் அள்ளிக்கொண்டிருக்க, பெற்றவர்கள் கரையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். ஆழமில்லாத தண்ணீர் என்பதால் வெயில் பட்டதும் சூடேறிவிடும். ஜூலையில் 25 டிகிரி வரை போகும். நீரில் மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களால் அதன் நிறம் பால் கலந்த பச்சையாக இருக்கும். காலை, நடுப்பகல், மாலை என்று வேளைக்கு வேளை அந்தப் பச்சை மாறுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் எனக்கு உறைத்த வேறுபாடு ஒன்று உண்டு. நமக்குக் கோடை என்றால் தண்ணீர் வற்றும் காலம். அணையின் அடிமட்டம் தெரியும், கீழ்பவானி வாய்க்கால் காய்ந்து கிடக்கும், ஆடியில் ஆறு பெருகும் என்று காத்திருப்போம். அவர்களுக்கோ எட்டு மாதக் குளிருக்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்க முடிகிற ஒரே காலம் அது. ஹங்கேரிய மொழியில் கோடைக்கு 'ஞார்' என்று பெயர். (நம் ஞகரம் இதற்கென்றே பிறந்தது போலப் பொருந்துகிறது!) அச்சொல்லிலிருந்தே 'கோடையைக் கழித்தல்' என்பதற்கு ஒரு வினைச்சொல்லை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கோடையைக் கழிக்கப் போகிறவனுக்கும், அவன் தங்கும் வீட்டுக்கும் 'ஞரலோ' என்று ஒரே பெயர்தான்.

பெருந்துறை வாசகர்: அக்காலத்தில் அது பணக்காரர்கள் போகும் இடமாகத்தானே இருந்திருக்கும்?

தொடக்கத்தில் அப்படித்தான். 1861-இல் தென்கரையை ஒட்டி ரயில் பாதை போட்டார்கள். ஏரி பெருகிப் பாதையை அரிக்காமல் இருக்க, 1863-இல் ஷியோஃபோக் என்ற ஊரில் மதகு ஒன்றைத் திறந்து, மிகுந்த நீரை டான்யூப் ஆற்றின் பக்கம் வடித்துவிட்டார்கள். மதகின் அருமை தெரிந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயில் வந்த பிறகு புடாபெஸ்டின் வசதியுள்ளவர்கள் மாளிகைகள் கட்டினார்கள். நான் போன சோஷலிசக் காலத்தில் நிலைமை வேறு. தொழிற்சங்கத்தின் வழியாக அனுமதிச் சீட்டு கிடைத்தால், ஆலைத் தொழிலாளியும் மனைவி மக்களோடு சங்கத்தின் விடுதியில் குறைந்த செலவில் தங்கலாம். சீட்டு கிடைக்காதவர்கள் உள்ளூர்க்காரர்களிடம் அறை வாடகைக்கு எடுப்பார்கள். வீட்டுக்காரர்கள் நல்ல அறைகளை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டுச் சமையற்கட்டிலோ கொட்டகையிலோ படுத்துக்கொள்வதும் உண்டு.

நான் தங்கியதும் அப்படி ஒரு வீடுதான். வீட்டுக்காரப் பாட்டியை எல்லோரும் 'நேனி' என்று அழைப்பார்கள். வயதில் மூத்த பெண்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல் அது. எனக்கோ அவரைப் பார்த்தால் அம்மிச்சி நினைவுதான் வந்தது. தண்ணீரில் ஊறி உதடு நீலம் பாய்ந்து வரும் பிள்ளைகளை வைதுகொண்டே துவட்டிவிடும் கை எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அறை சிறியது, கழிப்பறைக்கு வரிசை, சாப்பாட்டுக்கும் வரிசை. இன்று அந்தத் தலைமுறை ஹங்கேரியர்கள் உருகிப் பேசும்போது வரிசைகளை மறந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஈரோடு வாசகர்: கரையில் என்ன சாப்பிடுவார்கள்? கொடிவேரியில் வறுத்த மீன் போல ஏதேனும் உண்டா?

முக்கியமான கேள்வியைக் கடைசிக்கு விடாமல் நடுவிலேயே கேட்டுவிட்டீர்கள். லாங்கோஷ் என்று ஒரு பண்டம். புளிக்க வைத்த மாவைத் தட்டையாக இழுத்து எண்ணெயில் பொரித்து, மேலே பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த பாலேடும் துருவிய சீஸும் போட்டுத் தருவார்கள். நம் சோளாபூரிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஈரக் காற்சட்டையோடு நின்றபடி, முழங்கை வரை எண்ணெய் வழியச் சாப்பிட வேண்டும். அடுத்தது, பெரிய அண்டாவில் வேகவைத்து விற்கும் மக்காச்சோளக் கதிர். பல்லடம், உடுமலைப் பக்கம் கோழித் தீவனத்துக்கென்று விளைவிக்கும் பயிரை இவ்வளவு ஆசையாகக் கடிக்கிறார்களே என்று முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது; மூன்றாம் நாள் நானும் வரிசையில் நின்றேன்.

மீனும் உண்டு. மிளகாய்த் தூள் கலந்த மாவில் புரட்டி முழுதாக வறுத்த 'ஹெக்' என்னும் மீன்தான் ஏரிக்கரையின் அடையாளம். வேடிக்கை என்னவென்றால் அது கடல் மீன். உறைநிலையில் வெளிநாட்டிலிருந்து வருவது. ஏரியிலேயே பிடிபடும் ஃபோகோஷ் என்ற உயர்ந்த மீன், மாணவனின் சட்டைப் பைக்கு எட்டாத விலை. சொல்லப்போனால், மசாலா தடவிச் சுடச்சுடத் தரும் நம் அணைக்கரை மீன் வறுவலுக்கு ஹெக் ஈடாகாது.

திருப்பூர் வாசகி: ஜெர்மன் குடும்பங்கள் அங்கே சந்தித்துக்கொண்டதாகப் படித்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன். அப்போது ஜெர்மனி கிழக்கு, மேற்கு என்று இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தது. கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்கே போக முடியாது. இரு தரப்பாரும் வரக்கூடிய இடமாக ஹங்கேரி இருந்தது. எங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் ஒரு கோடையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன: புகை கக்கும் கிழக்கு ஜெர்மன் டிராபண்ட் ஒன்று, பளபளக்கும் மேற்கு ஜெர்மன் கார் ஒன்று. வந்தவர்கள் அண்ணனும் தங்கையும். பகல் முழுக்க ஒன்றாகத் தண்ணீரில் இருப்பார்கள். ஊருக்குத் திரும்பும் காலையில் இருவரும் முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள், யாரும் முதலில் காரில் ஏறவில்லை. 1989 கோடையில் விடுமுறைக்கு என்று ஹங்கேரிக்கு வந்த ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்கள் திரும்பிப் போக மறுத்தார்கள். செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லையை அவர்களுக்குத் திறந்துவிட்டது. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வந்தது.

கரூர் வாசகர்: தாகூருக்கும் இந்த ஏரிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் கோடையில் அல்ல. 1926-இன் பிற்பகுதியில் இதய சிகிச்சைக்காக வடகரையிலுள்ள பாலட்டோன்ஃபூரெட் நகரில் தங்கிய தாகூர், நவம்பர் 8 அன்று அங்கே ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டார். கரையோர நடைபாதைக்கு இன்று அவர் பெயர்தான்.

பவானி வாசகர்: குடும்பத்தோடு போக நினைக்கிறோம். என்ன சொல்வீர்கள்?

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் போங்கள். குழந்தைகள் இருந்தால் தென்கரையிலேயே தங்குங்கள். புடாபெஸ்டிலிருந்து ஷியோஃபோக்குக்கு ரயில் உண்டு. ஆழமில்லை என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். வடக்கு மலைகளைத் தாண்டி வரும் காற்று சில நிமிடங்களில் ஏரியைப் புரட்டிவிடும். அதற்கென்று கரை நெடுகிலும் எச்சரிக்கை விளக்குகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 45 முறை மின்னினால் கரையை விட்டு 500 மீட்டருக்கு அப்பால் நீந்தக்கூடாது. 90 முறை மின்னினால் தண்ணீரிலேயே இறங்கக்கூடாது. எங்கள் பாட்டி எண்ணிப் பார்க்கவெல்லாம் மாட்டார். விளக்கு முதல் முறை மின்னியதுமே வாசலில் நின்று எங்கள் எல்லோர் பெயரையும் சொல்லிக் கத்தத் தொடங்கிவிடுவார்.