கிணற்றுத் தண்ணீரும் வீட்டுச் சவர்க்காரமும்

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் தோய்த்த துவாய் காய்ந்ததும் விறைத்துப்போகிறது; வெள்ளை உடுப்புகள் மங்குகின்றன. கைக்குழந்தை இருப்பதால் கடையில் விற்கும் வாசத் திரவங்கள் போட விருப்பமில்லை. வீட்டிலேயே சவர்க்காரம் செய்யலாமா? துணி மென்மையாக வேறு என்ன போடலாம்?
– ஓர் இளம் தாய், உரும்பிராய்

பதில்: செய்யலாம் பிள்ளை. ஆனால் அதற்கு முன்னம் தண்ணீரைக் கவனியுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் துவாயையும் கெடுக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கிய மழைதான் கிணற்றில் ஊறுகிறது. அதில் கரைந்த கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுக்காகி நூலில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நல்ல சவர்க்காரமென்றாலும் இது நடக்கும்.

ஆகவே பத்து லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா முதலில் கரையுங்கள். சற்றுப் பொறுத்துச் சவர்க்காரம் போடுங்கள். அப்பச்சோடா இதற்குக் காணாது. மாரியில் பீலித் தண்ணீர் பிடித்தால் சோடாவே வேண்டாம். பட்டுச் சேலைக்குச் சலவைச் சோடா ஆகாது. பூவந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர்தான் நல்லது.

சவர்க்காரத்துக்குத் தேங்காய் எண்ணெயைப் போல வேறில்லை. கடினமான தண்ணீரிலும் நுரைக்கும். எண்ணெய் 500 கிராம், கோஸ்டிக் சோடா 85 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர். மூன்றையும் தராசில் நிறுத்தே எடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். குழந்தை நித்திரையாக இருந்தாலும் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டு, வெளி விறாந்தையில் செய்யுங்கள். கோஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டியைத் தொடவே வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வர் நல்லது. கரைசல் இளஞ்சூட்டுக்கு வந்ததும் எண்ணெய்க்குள் ஊற்றி, கஞ்சிப் பதம் வரும்வரை கிண்டுங்கள். பொலித்தீன் விரித்த மட்டைப்பெட்டியில் ஊற்றி, இறுகியதும் வெட்டுங்கள். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் கெதியாய்க் கல்லாகிவிடும், அதனால் அடுத்த நாள்வரை காத்திருந்தால் கத்தி இறங்காது. நாலு கிழமை காற்றாட விட்டபிறகு துருவிப் பாவியுங்கள்.

மென்மைக்கு வினாகிரி போதும். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரைக் கோப்பை. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் காரத்தையும் அது எடுத்துவிடும். காய்ந்தால் மணமும் நிற்காது. வெள்ளைத் துணிக்கு நிறமில்லாத வினாகிரியாகப் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரிலேயே வினாகிரியை ஊற்றினால் சவர்க்காரம் திரைந்து துணியில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். வெளிற்றும் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும். கடையில் விற்கும் திரவங்கள் நூலின் மேல் ஒரு படையாகப் படிந்துதான் வழுவழுப்பைத் தருகின்றன. அதனால் துவாய் தண்ணீரை இழுக்காது. குழந்தையின் அணைதுணிக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. அணைதுணியை இன்னொருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

கேள்வி: போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததாக அம்மம்மா சொல்கிறா. உண்மையா?
– மாணவி, சாவகச்சேரி

பதில்: முழு உண்மை. 1990களில் சவர்க்காரம் கிடைக்காதபோது நாங்களும் தோய்த்தோம். பனங்களியில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது, பூவந்தியில் இருப்பதும் அந்த வகைதான். தோலை உரித்து, பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, தும்பை வடித்துவிட்டு ஊறப்போடுவோம். அழுக்குப் போகும், மணம் போகாது. கொடியில் போட்ட சட்டையை மாடு வந்து சப்பும், ஆள் காவல் நிற்க வேண்டும். அம்மம்மாவிடம் கேட்டு ஆவணியில் ஒருமுறை செய்து பாருங்கள். நிறச்சட்டையில் மட்டும், வெள்ளையில் மஞ்சள் பிடிக்கும்.