ப்ராக்ஸி கிடைத்தும் பதில் வராதது ஏன்?

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் தொட்டியின் ஈரப்பதத்தை அளக்கும் நிரலை லினக்ஸ் கணினியில் டி-பஸ் (ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பு) வழியாகத் திறந்து வைத்திருக்கிறேன். அந்த அளவைக் காட்டும் திரை நிரலில் ப்ராக்ஸி ஆப்ஜெக்ட் பிழையின்றி உருவாகிறது. அளவைக் கேட்டாலோ சில வேளைகளில் திரை உறைந்து, 25 விநாடி கழித்துப் பிழை வருகிறது. ஏன்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ப்ராக்ஸி என்பது உங்கள் நிரலுக்குள் உட்கார்ந்திருக்கும் பதிலாள் மட்டுமே. மறுமுனை நிரலின் பஸ் பெயர், அதற்குள் இருக்கும் ஆப்ஜெக்ட் பாதை, அதில் எவற்றை அழைக்கலாம் என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு மெத்தடையும் (செயலையும்) செய்தியாக மாற்றி பஸ்ஸில் அனுப்பி, வரும் பதிலை விடையாகத் திருப்பித் தருவதே அதன் வேலை. ஆகவே அது உருவானது, மறுமுனையில் ஆள் விழித்திருப்பதற்குச் சான்றாகாது. அந்தப் பெயரில் யாருமே இல்லையென்றால் பெரும்பாலும் உடனே பிழை வந்துவிடும். 25 விநாடி என்பது பதிலுக்காகக் காத்திருக்கும் வழக்கமான காலக்கெடு. எனவே அளக்கும் நிரல் உயிரோடுதான் இருக்கிறது, சென்சாரைப் படிப்பதில் முடங்கிக் கிடக்கிறது என்றே கருதுகிறேன். (காலக்கெடுவைக் கூட்டிப் பார்க்காதீர்கள், உறைவு நீளுமே தவிர நீங்காது.) சென்சார் வாசிப்பைத் தனி த்ரெட்டுக்கு (அதே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளைக்கு) மாற்றி, கடைசியாகக் கிடைத்த அளவை உடனே பதிலாகத் தரச் செய்யுங்கள். திரை நிரலும் ஓயாமல் கேட்டுக்கொண்டிராமல், அளவு மாறும்போது மறுமுனை அனுப்பும் சிக்னலுக்குக் காது கொடுக்கட்டும்.