காணாமல் போன சோதனை வரி

ஐயா, வணக்கம்.

மீட்டர் பெட்டிகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுவது என் வேலை. எண் வரம்பு மீறுகிறதா என்று பார்க்க ‘அ + 100 < அ’ என்றொரு சோதனை வைத்திருந்தேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் ஆப்டிமைசேஷனை, அதாவது நிரலை வேகமாக்கும் வேலையை, கூட்டியதும் அந்த வரியே காணோம். இது கம்பைலர் பிழையா?

வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

கம்பைலர் மேல் தப்பில்லை. குறியுள்ள முழு எண் (கூட்டல், கழித்தல் இரண்டு குறியும் ஏற்கும் எண்) வரம்பு மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு சி மொழித் தரம் பொறுப்பேற்பதில்லை. ஆகவே ‘மீறவே மீறாது’ என்று கம்பைலர் வைத்துக்கொள்கிறது. மீறாது என்றால் உங்கள் சோதனை எப்போதுமே பொய்தான். தூக்கிவிட்டது. கூட்டும் முன்பே பாருங்கள்: உச்ச எண்ணில் 100 கழித்து, ‘அ’ அதைவிடப் பெரிதா என்று.

2009-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் இப்படி ஒன்று நடந்தது. நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் பாயிண்டரைப் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரிகளில் அது எந்த இடத்தையும் காட்டாத வெற்றுப் பாயிண்டரா (NULL) என்று பார்த்திருந்தார்கள். ‘பயன்படுத்தியாயிற்று, அப்போது வெற்றாக இருக்காது’ என்று ஜிசிசி என்ற கம்பைலர் அந்தச் சோதனையை நீக்கிவிட்டது. பாதுகாப்பு ஓட்டை விழுந்தது.

என் கோபம் மொழி மேல். நீங்கள் கொடுக்காத வாக்கை உங்கள் பெயரில் அது கொடுத்துவிடுகிறது.

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில், ஒண்டுக்குடித்தனத்தில். லாரித் தண்ணி பிடித்த ட்ரம் வாசலில் நிற்கும். காலையில் முக்கால் ட்ரம் பார்த்திருந்தாலும், உலை வைக்குமுன் அம்மா மறுபடி மூடியைத் திறந்து பார்ப்பார். நடுவில் யார் மொண்டார்களோ! சி-யில் இரண்டு பாயிண்டர்கள் ஒரே இடத்தைக் காட்டலாம் என்பதால் கம்பைலருக்கும் அதே கதி: ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) வைத்த மதிப்பை நம்பாமல் திரும்பத் திரும்ப நினைவகத்துக்கு ஓட வேண்டும். 1999-ல் சி-க்கு வந்த ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல், ‘இதில் நான் மட்டும்தான் மொள்வேன்’ என்று சொல்ல வழி தந்தது. பொய் சொன்னால் பிடிக்கத்தான் ஆளில்லை.

ரஸ்ட் என்ற புது நிரல் மொழி அந்த ட்ரம்முக்குப் பூட்டுப் போட்டது. மாற்றும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். அதைக் கம்பைலரே சரிபார்க்கிறது. சரிபார்த்த வாக்கு என்பதால் அதை நம்பித் தைரியமாக வேகம் கூட்டலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தகவலை, ரஸ்டுக்காக இயந்திர மொழியை உருவாக்கித் தரும் எல்எல்விஎம் மென்பொருளுக்கு அனுப்பியபோது அதன் உள்ளே தூங்கிய பிழைகள் எழுந்துவிட்டன. சி நிரல்களில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ அபூர்வம். அந்தப் பக்கம் அதிகம் யாரும் போனதில்லை. தகவல் அனுப்புவதைப் பலமுறை நிறுத்தி நிறுத்தி, 2021-ல் ரஸ்டின் 1.54 பதிப்பில்தான் அது நிலைத்தது.

உங்கள் ஆபீசில் நாளைக்கே மொழியை மாற்ற மாட்டார்கள். ஜிசிசியில் ‘எஃப்ராப்வி’ (-fwrapv) என்ற ஃப்ளாக் போட்டால் உச்சத்தைத் தாண்டிய எண் மிகச் சிறிய எண்ணுக்குச் சுற்றி வரும், சோதனை வரியும் தங்கும். சில லூப்கள் கொஞ்சம் மெதுவாகலாம். அதற்கு முன் நிரலை லேப்டாப்பில் யூபிசான் (இப்படித் தரம் பொறுப்பேற்காத இடங்களை ஓடும்போது காட்டிக்கொடுக்கும் கருவி) போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். இன்னும் எத்தனை இடத்தில் கத்துகிறது என்று எழுதுங்கள்.