அதிர்வை அடக்கும் ஜெல்: அழுத்த சென்சார் பற்றிய கேள்வி பதில்

சார், ஜெல் சென்சார் என்கிறார்களே, சாதாரண ரப்பரிலேயே செய்ய முடியாதா?

செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் நுங்கைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனாலும் ஓடாமல் நிற்கிறது. நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் வலைபோல அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரோஜெல்லும் அப்படித்தான். சிலிக்கோன் ரப்பரின் விறைப்பு பெரும்பாலும் 1 மெகாபாஸ்கலை, அதாவது 1000 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஜெல்லைச் சில கிலோபாஸ்கல் வரை மென்மையாக்கலாம், அதனால் தோலோடு ஒட்டிப் படியும். உள்ளே உப்பு கரைந்திருந்தால் அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும். அழுத்தும்போது வடிவம் மாறி மின்தடையும் மாறுகிறது, அதைத்தான் அளக்கிறோம்.

மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் எண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜெல் கெட்டுவிட்டதா?

ஜெல் நன்றாகத்தான் இருக்கும். மீட்டர் கொடுப்பது டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதில் அயனிகள் மின்முனையில் போய்க் குவிந்துவிடுகின்றன. மாறுமின்னோட்டத்தில், 1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு ஆயிரம் முறை) அளவில், சின்ன வோல்டேஜ் வைத்து அளந்து பாருங்கள்.

அண்ணா, இறுதியாண்டு புராஜெக்ட். மணிக்கட்டில் நாடி பார்க்கும் சென்சார். நடந்தாலே சிக்னல் காணாமல் போகிறது. சிலந்திக் காலைப் பார்த்துச் செய்த ஜெல் இதைச் சரிசெய்யும் என்று படித்தேன்.

தம்பி, அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சிலந்தியின் காலில் அதிர்வை உணரும் மெல்லிய கீறல்கள் உண்டு. அதற்கு முன்னால் ஒரு மெத்தை இருக்கிறது. காற்று, இலையாட்டம் போன்ற மெதுவான அதிர்வுகளை அது விழுங்கிவிடும். வேகமான அதிர்வு வந்தால் அதே மெத்தை விறைத்துக்கொண்டு உள்ளே கடத்தும். 2022இல் ஜெலட்டினும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் கலந்த ஜெல்லில் இதைச் செய்து காட்டினார்கள். சுமார் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் அதிர்வை அது அடக்குகிறது.

ஆனால் உங்கள் சிக்கலைக் கவனியுங்கள். நாடி நிமிடத்துக்கு 72 என்றால் 1.2 ஹெர்ட்ஸ். நடையும் 2 ஹெர்ட்ஸ் பக்கம்தான். இரண்டும் 30க்குக் கீழே! தோலுக்கும் சென்சாருக்கும் நடுவில் அந்த ஜெல்லை வைத்தால், நடையின் அதிர்வோடு சேர்த்து நாடியும் போய்விடும். தொண்டையில் வைத்துக் குரலைப் பிடிப்பது வேறு விஷயம். குரல் 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் மேலும் இருக்கும், அங்கே இது அருமையாகப் பொருந்தும். நீங்கள் ஜெல்லை மறுபக்கம், பட்டைக்கும் சென்சாருக்கும் நடுவில் வையுங்கள். பட்டை இழுப்பது கொஞ்சம் குறையும். மிச்சத்துக்கு, அசைவை அளக்கும் ஒரு முடுக்கமானியை வைத்து, அந்த அசைவை மென்பொருளில் கழித்துத்தான் ஆக வேண்டும்.

ரோபோ கையில் பிடிமான அழுத்தம் அளக்கிறேன். மோட்டார் அதிர்வு பாடாய்ப் படுத்துகிறது.

உங்களுக்கு வேலை சுலபம். பிடிப்பு மெதுவானது, மோட்டார் அதிர்வு வேகமானது. மெதுவான அழுத்தத்தைக் கடத்தி, வேகமான நடுக்கத்தைச் சங்கிலிகளின் உராய்வில் வெப்பமாகக் கரைக்கும் ஜெல் போதும். ஒன்று மட்டும் கவனம். அதிர்வை அதிகம் விழுங்கும் ஜெல், கையை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் தாமதமாகத்தான் திரும்பும். பாத்திரத்தை விட்ட பிறகும் சென்சார் "பிடித்திருக்கிறேன்" என்று சொல்லும்.

2012இல் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டும், செயற்கைப் பொருளான பாலிஅக்ரிலமைடும் சேர்ந்த ஜெல் 20 மடங்கு நீண்டது என்று வந்தபோது எல்லோரும் அதன் பின்னால் ஓடினோம். உள்ளே சில பிணைப்புகள் அறுந்து ஆற்றலை வாங்கிக்கொள்வதால்தான் அது கிழிவதில்லை. அந்தப் பிணைப்புகள் மறுபடி சேர நேரம் எடுக்கும். உறுதியான ஜெல் என்பதாலேயே அது நல்ல சென்சார் ஜெல் ஆகிவிடாது. அழுத்தத்தை ஏற்றி இறக்கி வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃபேன் காற்றில் ஜெல் ஒரே இரவில் சுருங்கிவிட்டது. என்ன செய்ய?

தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கிளிசரின் ஊற்றுங்கள், மேலே சிலிக்கோன் உறை போடுங்கள். இன்னும் நீண்ட நாள் வேண்டுமென்றால் அயனோஜெல். தண்ணீருக்குப் பதில் ஆவியாகாத அயனித் திரவம். விலைதான் கொஞ்சம் கூட.

வீட்டில் ஜெலட்டின் வைத்து முயலலாமா, மேடம் ஒருவர் பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்.

தாராளமாக. ஜெலட்டின், வெந்நீர், கிளிசரின், ஒரு சிட்டிகை உப்பு. ஆனால் ஜெலட்டின் உடல் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும், நெடுநேரம் கையில் கட்ட வேண்டாம். அதற்குக் கடற்பாசியிலிருந்து வரும் அகர் ஜெல்தான் சரி, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். சற்றே நொறுங்கும், பார்த்துக் கையாளச் சொல்லுங்கள்.