கீழ்ப்பாக்கத்தில் இறங்கியவர்

வணக்கம் சார்,

உங்களை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று இப்போது முகப்பேரில் இருக்கிறேன். எழும்பூரில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். போன வருடம் திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி வேலைக்குப் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு வாங்கி, விரலெல்லாம் மரத்துப்போய், சத்தியமாக இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். கதவு திறந்ததும் இறங்கி ஓடினேன். எந்த ஸ்டேஷன் தெரியுமா, கீழ்ப்பாக்கம். சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி நார்மல், கேஸ் ட்ரபிள் என்றார்கள். அப்புறமும் வந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு ஆஸ்பத்திரி, அதே ஈசிஜி. கடைசியாகப் பார்த்த டாக்டர்தான், சின்னப் பெண், ‘இது பேனிக் அட்டாக் மாதிரி இருக்கு, மனநல டாக்டரைப் பாருங்க’ என்று எழுதிக் கொடுத்தார். நான் போகவில்லை. இப்போது மெட்ரோ கிடையாது, பஸ்ஸும் கிடையாது, பைக்தான். லிப்டிலும் ஏறுவதில்லை.

காஷ்மீரில் ஆர்.ஆரில், அதாவது தீவிரவாதிகளை எதிர்க்கிற ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படையில் இருந்தபோது ரோடு ஓப்பனிங் டியூட்டி நிறையப் பார்த்தவன். அங்கே வராத பயம், இங்கே கேபிளுக்குத் தோண்டி மூடின ரோட்டில் ஒரு ஒயர் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் வருகிறது. கூட வேலை பார்த்தவர்கள் ரெண்டு பெக் போட்டுவிட்டுத் தூங்கு என்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. நான் கோழை ஆகிவிட்டேனா சார்? மனதைத் திடப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடாதா? மாத்திரை ஆரம்பித்தால் விடவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரோடு சேர்த்து யூனிட், வருடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன். என் சித்தப்பா அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போய் வந்தவர். 1990 மார்ச்சில் அந்தப் படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலின் நியாய அநியாயம் இங்கே வேண்டாம். ஊரே அந்தப் படையைத் திட்டிக்கொண்டிருந்த நாளில் ஆவடியில் ஒரு மனிதர், தான் எங்கே போய் வந்தேன் என்று டீக்கடையில்கூட வாயைத் திறக்க முடியாமல், வாசல் கதவைப் பார்த்த மாதிரியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் எப்போதும் சுவர் இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். ராத்திரிக்குக் கேண்டீன் ரம். வீட்டில் அவருக்குக் ‘கோபக்காரர்’ என்று பெயர், அவ்வளவுதான்.

சரி, கோழை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உங்களைப் போலவே நெஞ்சுப் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்று வந்த 300 சிப்பாய்களைப் பார்த்த டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-ல் ஒரு கட்டுரை எழுதினார். பலருடைய இதயத்தில் அவரால் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் உலகப் போரிலும் இதே கதைதான். பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வருகிற பேனிக் டிஸ்ஆர்டர், கொடுமையான அனுபவத்துக்குப் பிறகு மனதில் தங்கிவிடுகிற பாதிப்பான பிடிஎஸ்டி என்ற இரண்டு பெயர்களுமே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-ல்தான். அதுவரை படை திரும்பியவனுக்கு ஊருக்கு ஒரு பெயர், பெரும்பாலும் கோழை என்ற பெயர். நீங்கள் உங்களுக்கு வைத்துக்கொள்வது அந்தப் பழைய பெயரைத்தான்.

அங்கே வராத பயம் இங்கே ஏன் என்பது நல்ல கேள்வி. ரோடு ஓப்பனிங் என்றால் என்னவென்று மற்ற வாசகர்களுக்குத் தெரியாது: கான்வாய் புறப்படும் முன்னால் விடிகாலையில் சாலையோரமாக நடந்தே போய், ஒவ்வொரு சிறுபாலத்துக்கு அடியிலும் குனிந்து பார்த்து, நேற்று இல்லாத கல்குவியல், புதிதாகக் கிளறின மண், நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் என்று தேடும் வேலை. ஒரு நாள் கண் தப்பினால் பின்னால் வரும் வண்டியில் இருப்பவர்கள் போய்விடுவார்கள். அப்படி வருடக்கணக்கில் பழக்கின உடம்பைக் கொண்டுவந்து, எந்தத் தெருவைப் பார்த்தாலும் தோண்டிப் போட்டிருக்கிற சென்னையில் விட்டால் அது என்ன செய்யும்? நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், உள்ளே நிற்கிற சென்ட்ரிக்கு மட்டும் யாரும் டியூட்டி மாற்றிவிடவில்லை. அங்கே கையில் ஆயுதம், பக்கத்தில் ஆள், செய்ய ஒரு வேலை எல்லாம் இருந்தது. மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். எனக்குத் தோன்றுவது, அந்தச் சும்மா நிற்பதுதான் தாங்கவில்லை.

இனி உடம்பு. அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமெடுக்கிறது, நீங்கள் மூச்சு போதவில்லை என்று நினைத்து வேகவேகமாக இழுக்கிறீர்கள். உண்மையில் அப்போது மூச்சு அதிகமாகிவிடுகிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைய, அதனால்தான் விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும். அதைப் பார்த்து ‘ஹார்ட் அட்டாக்தான்’ என்று மனம் முடிவு செய்ய, அட்ரினலின் இன்னும் ஏறுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கிவிடும், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும். ஆனால் நீங்கள் கீழ்ப்பாக்கத்தில் இறங்கிவிட்டீர்கள். அது தானாக இறங்கியிருக்கும் என்பதைப் பார்க்க உங்கள் உடம்புக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, ‘ரயிலை விட்டு இறங்கினதால் பிழைத்தேன்’ என்று கணக்கு எழுதிக்கொண்டது. அடுத்து பஸ், அடுத்து லிப்ட். இப்படியே விட்டால் பைக்கும் போகும், வீட்டு வாசற்படி வரைக்கும் வந்து நிற்கும்.

அதனால்தான் மனதைத் திடப்படுத்துவது என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினால் உடம்பு அதையும் சண்டை என்றே எடுத்துக்கொள்ளும். வரும்போது வரட்டும் என்று நின்ற இடத்தில் நின்று, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, மெதுவாக மூச்சு விடுங்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி காகிதப் பைக்குள் ஊதாதீர்கள், ஆபத்து. அப்புறம், சிபிடி என்று சொல்கிற பேச்சு சிகிச்சையில் விட்டுவிட்ட இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பப் போகச் சொல்வார்கள். கூட்டமில்லாத மத்தியானத்தில் திருமங்கலத்தில் ஏறி, அண்ணா நகர் டவரில் இறங்கி, திரும்பி வருவது. ஒரே ஸ்டேஷன். படபடப்பு வந்தாலும் அது தணியும்வரை உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலையே. இதைத் தனியாக ஆரம்பிக்காமல் சிகிச்சை தருபவரோடு சேர்ந்து செய்யுங்கள், ஏனென்றால் உங்களுக்கு மெட்ரோ ஒரு கதை, அந்த ஒயர் வேறு கதை. ஒயரைப் பார்த்து வருவது பழைய சம்பவத்தோடு கட்டிவைத்த பயம் மாதிரி தெரிகிறது, அது பிடிஎஸ்டியாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு மாதிரி. கனவு, தூக்கத்தில் கத்துவது, பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளுவது ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, நானோ நீங்களோ இல்லை.

ஈசிஜி எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், உங்கள் வயதில் எடுத்தே ஆக வேண்டும். தைராய்டும் சுகரும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள், தைராய்டு ஏறினாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். ஆனால் மனதுக்கு ஆறுதலாக மாதம் ஒரு ஈசிஜி என்பதை நிறுத்துங்கள். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சை அழுத்துகிற வலி வந்தால் அது வேறு, அன்றைக்கு யோசிக்காமல் ஆஸ்பத்திரி.

ரெண்டு பெக் போடச் சொல்லும் நண்பர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்த யோசனையின் முடிவை என் சித்தப்பாவிடம் பார்த்திருக்கிறேன். சரக்கு தூங்கவைக்கும், விடிகாலை மூன்று மணிக்கு அது இறங்கும்போது படபடப்போடு எழுப்பியும் விடும். நைட் ஷிப்டில் கண் விழிக்கக் குடிக்கிற டீ காபியையும் குறையுங்கள். முடிந்தால் பகல் ஷிப்ட் கேளுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பேன், உங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது.

மாத்திரை பற்றி. விட முடியாது என்று ஊரில் பேசுவது பெரும்பாலும் அல்பிரசோலம், குளோனசிபாம் வகையைப் பற்றி. அரை மணியில் கேட்கும், அதனாலேயே பழகிவிடும். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன காலம், அதற்கு மேல் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்குவது கூடாது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் எல்லாம் வேறு வகை. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடக்கூடச் செய்யலாம், அந்த இடத்தில்தான் நிறையப் பேர் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். போதை மாதிரி இழுக்காது. நிறுத்தும்போதும் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சர்வீஸில் மெடிக்கலின்போது ‘ஷேப்’ என்று ஐந்து எழுத்துக்குத் தரம் போடுவார்கள் அல்லவா, அதில் முதல் எழுத்தான எஸ் மனநிலைக்கு. அதில் கைவைத்தால் லோ மெடிக்கல் கேட்டகரி, புரமோஷன் கோவிந்தா. அதனால் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டே சர்வீஸை முடித்தார்கள். நீங்களும் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது யாரும் உங்களுக்குக் கேட்டகரி போடப்போவதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டு இருக்குமே, பாலிகிளினிக் போய் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேளுங்கள். வரிசை, அலைச்சல் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, நீங்கள் சிரிக்காதீர்கள் என்ற அந்தக் கீழ்ப்பாக்கத்திலேயே இருக்கிற, 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள், காசு கிடையாது. சினிமாக் காமெடிக்காரர்கள் அந்த ஊர்ப் பெயருக்குச் செய்துவைத்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. ராத்திரி ஷிப்டில் தாங்க முடியாமல் போனாலோ, செத்துப்போகலாம் என்பது மாதிரி நினைப்பு எட்டிப் பார்த்தாலோ 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

டாக்டரிடம் ‘தூக்கம் வரலை சார்’ என்று மட்டும் சொல்லித் தூக்க மாத்திரையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். மெட்ரோவைச் சொல்லுங்கள், ஒயரைச் சொல்லுங்கள், ரம் எவ்வளவு என்று உண்மையான அளவைச் சொல்லுங்கள். போகும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் லிப்டை விட்டுவிட்டு மாடி ஏறுகிற புருஷனைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். ராத்திரி நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்பதை டாக்டருக்கு உங்களைவிட அவர்தான் சரியாகச் சொல்வார்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவையாவது டாக்டரைப் பார்த்துவிடுங்கள், அந்த வாரத்தை எப்படிச் சமாளிப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள்.